ஐம்பது குதிரை தேடி ஆறு நாள்

பிப்ரவரி 5, 2026, வியாழன். பள்ளிப்பட்டு, புத்தூர், காளஹஸ்தி

எங்கள் வீட்டில் இருப்பது ஐஷர் 241 டிராக்டர். ஒற்றை சிலிண்டர், 25 எச்பி, அதாவது 25 குதிரைத்திறன். அப்பா வாங்கியது. தெருமுனை திரும்பும் முன்பே அதன் டக்டக் சத்தத்தைக் கேட்டு அம்மா உலை வைத்துவிடுவாள். சொந்த நிலம் 4 ஏக்கர் மட்டும் இருந்தவரை அது போதும். மூன்று வருடமாகப் பக்கத்தில் 9 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, பாதி கரும்பும் பாதி வேர்க்கடலையுமாகப் போட ஆரம்பித்ததும் மூச்சு வாங்கத் தொடங்கியது, வண்டிக்கும் எனக்கும். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை வாடகைக்குக் கூப்பிட்டால் மணிக்கு 1,200 ரூபாய். காசு கூடப் பரவாயில்லை. மழை பெய்த மறுநாள் ஊரே அந்த ஒரே வண்டியைக் கூப்பிடும். நம் முறை வருவதற்குள் ஈரம் போய் மண் ஓடாகிவிடும்.

50 எச்பி புதிது வாங்க வழியில்லை. போன செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகி, அந்த அளவு வண்டிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் குறைந்தது உண்மைதான். குறைந்த பிறகும் என் கைக்கு எட்டவில்லை. ஆனால் அதனால் ஒரு நன்மை: பழைய வண்டிக்காரர்களும் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள்.

பழைய வண்டியை ஆந்திரா பக்கம் தேடலாம் என்றது மாமா. எங்களுக்கு அது வெளியூரே இல்லை. 1960 வரை பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டம்தான். எங்கள் பாட்டி சாகிறவரை பால் கணக்கைத் தெலுங்கில்தான் எழுதினாள்.

ஆக மூன்று பேர். நான், தெலுங்கு பேச மாமா, வண்டி பார்க்க பாய். பாய் எங்கள் ஊர் மெக்கானிக், அறுபதைத் தாண்டியவர். கைலி, மடித்துக் கட்டிய முழுக்கைச் சட்டை, பையில் ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. மாமாவின் ஆம்னி வேனில் காலை ஆறு மணிக்குப் பனியோடு கிளம்பினோம். நகரியில் டீ 12 ரூபாய். விசைத்தறிச் சத்தம் அந்நேரத்துக்கே ஆரம்பித்திருந்தது.

முதல் வண்டி புத்தூர் தாண்டி ஒரு மாந்தோப்பில். மரமெல்லாம் பூத்து, தோப்புக்குள் நுழையும்போதே வாசனை. வண்டியோ அதைவிட வாசனை, பெயிண்ட் காயவில்லை. பளபளவென்று சிவப்பு, புது சீட்டு, புது ஸ்டிக்கர். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும் ஹவர் மீட்டர் 1,860 காட்டியது. எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது, மறைக்கவில்லை.

பாய் சாவி கேட்கவில்லை. நேராகப் போய் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. மாமாவைப் பார்த்தார். நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் காலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று காட்ட விருப்பமில்லாதவன் செய்கிற வேலை அது. அப்புறம் குனிந்து கிளட்ச் பெடலைக் காட்டினார். ரப்பரில் வரியே இல்லை. ஒரு ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது.

“தம்பி, 1,860 மணி நேரத்துல பெடலுக்கு வழுக்கை விழாது. மீட்டர் பொய் சொல்லும். கால் பட்ட எடம் சொல்லாது.”

4.20 லட்சம் சொன்னார்கள். மாமா, வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று கும்பிட்டார். அவர்களும் சிரித்தபடி கும்பிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

புத்தூரில் சாப்பாடு. ராகி சங்கடியும் நாட்டுக்கோழிப் புலுசும், ஆளுக்கு 180. நம்ம களிதான், ஆனால் உள்ளே சோறு பிசைந்திருக்கும். பந்து மாதிரி உருட்டி நடுவில் குழி செய்து நெய் விட்டுத் தருகிறார்கள். பக்கத்து மேசையில் செங்கல்பட்டிலிருந்து வந்த குடும்பம். பையனுக்கு முழங்கையில், எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர் கட்டு. மூங்கில் பட்டையும் முட்டைக் கருவும் மருந்துமாக வெள்ளைத் துணிக்குள் விறைத்து நின்றது. அவனுக்கு சங்கடியை ஊட்டிவிட்ட அம்மா, எங்களையும் யாருக்கு எங்கே முறிவு என்று அக்கறையாக விசாரித்தார். டிராக்டர் வாங்க வந்தோம் என்றதும் கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது.

இரவு காளஹஸ்தி. சிவராத்திரிக்கு இன்னும் பத்து நாள். பந்தல் கால் நட ஆரம்பித்துவிட்டார்கள். 900 ரூபாய் அறைக்கு 1,400 கேட்டார்கள், 1,200-க்குக் கிடைத்தது. கொசு இலவசம்.

பிப்ரவரி 6, வெள்ளி. நாயுடுபேட்டை, நெல்லூர்

இன்றைக்கு என் முட்டாள்தனம்.

நாயுடுபேட்டை பக்கம் சாலையோரம் ஒரு யார்டு. கடன் கட்டாமல் தூக்கிய வண்டிகள் நாற்பதுக்கு மேல் வரிசையாக நின்றன. பாதிக்கு பேட்டரி இல்லை. சிலவற்றின் பேனட்டில் இன்னும் பிள்ளைகள் பெயரும், காய்ந்துபோன பூமாலையும். பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் அதை மறந்து விலை கேட்க ஆரம்பித்துவிட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

2019 மாடல், 55 எச்பி நீல வண்டி. 5.40 லட்சம் கேட்டார்கள். பாய் தன் கைக்குட்டையை எடுத்து பிரீதர் குழாய் வாயில் பிடித்தார். இன்ஜின் பக்கத்தில் சின்னக் குழாய் ஒன்று தொங்குமே, அது. பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருந்தால் எரிந்த புகை அடியில் இறங்கி அந்த வழியாக ஊதும், எண்ணெயும் தெறிக்கும். கைக்குட்டையில் இரண்டே பொட்டு. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்டரே தோற்றார். “நல்ல உசுரு” என்றார்.

அவ்வளவுதான், நான் போனை எடுத்து 20,000 அட்வான்ஸ் போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் இன்னொரு பார்ட்டி வருகிறது என்றார்கள். உலகத்தில் எந்த யார்டிலும் இன்னொரு பார்ட்டி வந்துகொண்டேதான் இருக்கும். மாமா அதன் பிறகுதான் பதிவு எண்ணை போன் செயலியில் தட்டிப் பார்த்தார். ஆர்சி மூன்றாவது ஆள் பெயரில். கடன் இன்னும் உயிரோடு. அந்தக் கடன் முடிந்ததற்கு 35-ஆம் எண் படிவம் வந்தால்தான் ஆர்சியில் இருந்து பைனான்ஸ் பெயர் நீங்கும். நீங்கினால்தான் வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக 28-ஆம் எண் படிவத்தில் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று கிடைக்கும். இரண்டும் இல்லாமல் திருவள்ளூர் ஆர்டிஓ ஆபீசில் நம் பெயருக்கு மாற்ற முடியாது. “பதினைந்து நாளில் வந்துவிடும் சார்” என்றார் யார்டுக்காரர். எந்த மாதத்துப் பதினைந்து என்று கேட்டதற்கு பதில் இல்லை.

மூன்று மணி நேரம் வெயிலில் நின்று 15,000 திரும்ப வாங்கினோம். மீதி ஐயாயிரம் என்ன என்றால் பார்க்கிங்காம். எண்ணைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நிமிடத்துக்கு 2,500 ரூபாய். பாய் அதன் பிறகு வண்டியில் ஒரு மணி நேரம் பேசவில்லை. கூடூர் தாண்டியதும், “அட்வான்ஸ் குடுக்கற கைய பாக்கெட்ல வை தம்பி” என்றார். அதோடு சரி.

நெல்லூர் சாப்பாடு மனதை ஆற்றியது. 150 ரூபாய் மீல்ஸ், பப்பு, கோங்குரா, கந்திப்பொடி, நெய். மீன் புலுசு தனியாக 140. மாங்காய் போட்டு, முந்தின நாள் வைத்த குழம்பு மாதிரி சிவந்து கெட்டியாக இருந்தது. பரிமாறியவர் சோறு போதும் என்று கையை மறைத்தால் கையின் மேலேயே போட்டுவிடுவார் போல.

பிப்ரவரி 7, சனி. நெல்லூர், கோவூர் பக்கம்

பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை நெல். நடவு முடிந்து பச்சையாக நிற்கிறது. அறுப்புக்கு இன்னும் மாதம் இருக்கிறது. டிராக்டரெல்லாம் கொட்டகையில் சும்மா நிற்கிற காலம். வாங்க இதுதான் நேரம் என்று மாமா சொன்னது சரிதான். காலையிலேயே ஐந்து வண்டி காட்டினார்கள், விலையும் நம் பக்கத்தைவிட நாற்பது ஐம்பதாயிரம் குறைவு.

எனக்கு சந்தோஷம். பாய்க்கு இல்லை.

முதல் வண்டியில் பின் ஆக்ஸில் ஆயிலைக் கொஞ்சம் திறந்து விரலில் தொட்டுக் காட்டினார். பால் விட்ட டீ நிறம். தண்ணீர் கலந்த ஆயில் அப்படித்தான் இருக்கும். இங்கே டிராக்டர் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நாள் கணக்காக உழுகிறது. சேறும் தண்ணீரும் ஆக்ஸில் சீலைத் தின்று உள்ளே இறங்கும். பேரிங்கு போகும், பிரேக் போகும். கேஜ் வீலின் பாரம் முழுக்க ஆக்ஸில் ஓரத்தில் தொங்கும். முன் சக்கரத்தை இரண்டு கையால் பிடித்து ஆட்டினார், கதவு மாதிரி ஆடியது. இன்ஜின் எல்லாவற்றிலும் நன்றாகவே இருந்தது, அதுதான் வேடிக்கை. இவ்வளவு நாளும் நான் இன்ஜினை வாங்க வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் வாங்குவது என்றால் அது உழுத மண்ணையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

கடற்கரைப் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர் ஒருவரிடம் ஆறாவது. உப்புக் காற்றில் மட்கார்டு அப்பளம் மாதிரி. தட்டவே பயமாக இருந்தது. இறங்காமலே திரும்பினோம்.

ஏழாவது வண்டிக்காரர்தான் இந்தப் பயணத்தின் பெரிய மனிதர். எழுபது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, மேல்துண்டு. “ரண்டி, கூர்ச்சோண்டி” என்று திண்ணையில் உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொடுத்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்றே கேட்டார். உங்கள் நிலம் எப்படி என்றார். மாமா சொன்னார்: செம்மண், மேட்டாங்காடு, கிணற்றுப் பாசனம், கரும்பு, கடலை. கரும்பு வண்டியைத் திருவாலங்காடு ஆலைக்கு இழுக்க வேண்டும். பெரியவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“நேனு அபத்தம் செப்பனு, பொய் சொல்ல மாட்டேன். இது எட்டு வருடம் சேற்றில் கிடந்த மாடு. என் நிலத்துக்கு இன்னும் நாலு வருடம் ஓடும். உங்கள் கரும்பு லோடோடு மேட்டில் ஏறினால் பிரேக் நிற்காது. வேண்டாம்.”

விற்க வைத்திருக்கும் வண்டியை வேண்டாம் என்று சொல்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. பாய் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி பத்து வார்த்தைகூட இல்லை.

கிளம்பும்போது, “வெங்கடகிரி பக்கம் எங்கள் செல்லெலு வீட்டில் ஒன்று இருக்கிறது, மெட்ட நிலம்” என்று தங்கைக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மெட்ட என்றால் நம்ம மேடுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு. வெங்கடகிரி பக்கத்தில் ஒரு கிராமம்

கூடூரிலிருந்து வெங்கடகிரி போகிற வழியெல்லாம் எலுமிச்சைத் தோப்பு. அந்த அக்காவின் வீடும் தோப்புக்குள்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, மகன் ஹைதராபாத்தில். 20 ஏக்கரில் 12-ஐக் குத்தகைக்கு விட்டுவிட்டார். இனி பெரிய வண்டி எதற்கு என்று விற்கிறார். நான் எதற்கு வாங்குகிறேனோ அதற்கு நேர் எதிர்க் காரணம்.

ஜான் டியர் 5050 டி, 2017 மாடல், ஏபி 26 எண். 50 எச்பி. பெயிண்ட் மங்கி, பேனட்டில் ஒரு சொட்டை. தூசி துடைக்கக்கூட இல்லை. பாய்க்கு அந்தத் தூசி ரொம்பப் பிடித்தது. இன்ஜினில் கை வைத்தார், ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது. கொஞ்சம் கரும்புகை, அப்புறம் ஒன்றுமில்லை. கைக்குட்டை, ஸ்க்ரூ டிரைவர், ஆயில், முன் சக்கரம், எல்லாம் ஆனது. கடைசியாக ஒன்பது கொத்துக் கலப்பையை லிப்டில் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கொத்து நுனிக்கு நேராக ஒரு குச்சியை நட்டு சாக்பீசால் கோடு போட்டார். “டிபன் சாப்ட்டு வரலாம்.”

பெசரட்டு, இஞ்சிப் பச்சடி. நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் கலப்பை இரண்டு விரல் இறங்கியிருந்தது. லிப்ட் சரியில்லாத வண்டி என்றால் அதற்குள் தரையில் உட்கார்ந்திருக்கும்.

அக்கா உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார். கணவர் எழுதியது, அவருக்குப் பிறகு இவர் எழுதியது. தேதி, ஹவர் மீட்டர் எண், டீசல், ஆயில், பில்டர், எந்தத் தோப்பு, யார் ஓட்டினார். மாமா எழுத்துக்கூட்டி வாசித்தார். கையெழுத்து மாறுகிற பக்கத்தில் சற்று நின்று, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் திருப்பினார். கடைசி வரி 3,412 மணி. மீட்டரிலும் 3,412.

விலையில் அக்கா அண்ணனைப் போல இல்லை. 5.25 என்றார். நான் 4.50 என்றேன். பின் டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது, ஜோடி மாற்றினால் ஐம்பதாயிரம் என்றார் பாய். டயர் தேயாமல் நிலம் உழுமா என்றார் அக்கா. மாமா மொழிபெயர்ப்பதற்குள் அவர் முகத்திலிருந்தே புரிந்துவிட்டது. “55 எச்பி வேண்டும் என்று கிளம்பினேன், இது 50தான்” என்று ஒரு தூண்டில் போட்டேன். அதற்கு பாயே எனக்கு எதிராகப் பேசினார்: ஆறடி ரோட்டவேட்டருக்கு 50 தாராளம், லோடு இழுப்பது குதிரை, லோடை நிறுத்துவது எடையும் பிரேக்கும். இதில் பிரேக் எண்ணெயில் மூழ்கிய டிஸ்க், போதும். பேரம் நடக்கும்போது சொல்ல வேண்டிய உண்மையா அது? 4.85 லட்சத்தில் முடிந்தது. கலப்பை தர மாட்டேன் என்றார். ஒரு மூட்டை எலுமிச்சை தருவதாகச் சொன்னார்.

அப்புறம்தான் சிக்கல். ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. யுபிஐயில் நாள் வரம்பு ஒரு லட்சம். என் பேங்கு செயலியில் அவர் கணக்கைப் புதிதாகச் சேர்த்தால், முதல் 24 மணி நேரத்துக்குப் பெரிய தொகை போகாது என்றது. ஞாயிற்றுக்கிழமை வேறு. “ரேப்பு” என்றார் அக்கா. நாளைக்கு.

கையிலிருந்ததைக் கொடுக்கலாமா என்று பாக்கெட்டில் கைவைத்தேன். பாய் பார்த்தார். எடுத்துவிட்டேன். அக்காவே அட்வான்ஸ் வேண்டாம், பேச்சு மாற மாட்டேன், இங்கேயே படுங்கள் என்றார். ராத்திரிக்குப் பருப்பு, எலுமிச்சை ஊறுகாய், கெட்டி மோர். ஊறுகாய் மூன்று வருடத்தது. கருத்து, புளிப்பே இல்லாமல் கரைந்தது. திண்ணையில் கயிற்றுக் கட்டில். கொட்டகைப் பக்கம் ராத்திரி முழுக்க எலிச் சத்தம். அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 9, திங்கள். வெங்கடகிரி, வடமாலப்பேட்டை

பேங்கில் ஆர்டிஜிஎஸ் போட்டு, அவருக்கு மெசேஜ் வர மதியம் இரண்டானது. 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து, சேஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்தது, அசல் ஆர்சி. கடன் எப்போதோ முடிந்து பைனான்ஸ் பெயர் நீங்கியிருந்தது. என்ஓசிக்கு அவரே விண்ணப்பித்துத் தருவார். நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சை. அந்தத் தோப்பில் அதற்குப் பஞ்சமா?

லாரியில் ஏற்ற 14,000 கேட்டார்கள். ஓட்டியே போய்விடலாம் என்றேன். மாலை நாலரைக்குக் கிளம்பினோம். நானும் பாயும் மாறி மாறி வண்டியில், மாமா பின்னால் ஆம்னியில் விளக்கை மின்னவைத்துக்கொண்டு. பவர் ஸ்டீயரிங் என்பதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். ஐஷரைத் திருப்பித் திருப்பி என் தோள்பட்டை ஒன்று மற்றதைவிடப் பெரிதாகவே ஆகிவிட்டது. இதை ஒரு விரலால் திருப்பலாம். காளஹஸ்தியில் பொன்முகலிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் மணல்தான், மேலே நிலா இல்லை, கோயில் விளக்குகள் மட்டும். ரேணிகுண்டாவில் டீ.

டீசல் முள் பாதியில் இருந்தது. ஆந்திராவில் லிட்டருக்கு நம்மைவிட நான்கைந்து ரூபாய் கூடுதல். எல்லை தாண்டி நம் பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது நான். மாமா ரேணிகுண்டா பங்கில் ஆம்னியை மெதுவாக்கினார்கூட. நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன்.

ஒன்பதரை மணிக்கு, வடமாலப்பேட்டை தாண்டி, வண்டி இரண்டு தடவை இருமி நின்றது. முள் அப்போதும் பாதியில். பாய் டேங்க் மூடியைத் திறந்து ஒரு வேப்பங்குச்சியை விட்டு எடுத்தார். நுனி மட்டும் ஈரம். டார்ச் அடித்து வயரைப் பார்த்தார். முள்ளுக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. முள் பாதியில் நின்று எத்தனை நாளோ. அக்கா நோட்டைப் பார்த்து டீசல் போட்டவர், முள்ளைப் பார்த்திருக்கவே மாட்டார்.

லாரிகள் ஒவ்வொன்றும் எங்களை உலுக்கிவிட்டுப் போயின. பைக்கில் போன ஒரு பையன் தானாகவே நின்றான். ஏதோ கம்பெனி யூனிபாரம், ஷிப்ட் முடிந்து போகிறான். கேட்டுவிட்டு, எங்களிடமிருந்த ஐந்து லிட்டர் கேனை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனான். மாமா ஆம்னியில் போகலாமே என்றதற்கு, வண்டிக்குப் பின்னால் விளக்கு காட்ட அது இங்கே நிற்கட்டும் என்றான். அந்த யோசனை எங்கள் மூவருக்கும் வரவில்லை. இருபது நிமிடத்தில் டீசலோடு வந்தான். டீசல் காசை எண்ணி வாங்கிக்கொண்டான், மேலே ஐம்பது ரூபாய் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது. டேங்க் வற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். பில்டர் தலையிலிருக்கும் சின்ன போல்டை பாய் அரைச் சுற்றுத் தளர்த்தினார். நான் கைப்பம்பை அழுத்தினேன். போல்டு ஓரத்தில் கோலி சோடா மாதிரி நுரை பொங்கியது. அழுத்த அழுத்த நுரை பெரிய குமிழாகி, குமிழ் குறைந்து, கடைசியில் சுத்தமான டீசல் என் மணிக்கட்டு வழியே வழிந்தது. “இறுக்கு.” மூன்றாவது சுற்றில் பிடித்தது. சட்டையில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. நாலு ரூபாய் மிச்சம் பிடித்ததில் இரண்டு மணி நேரம் போனது. புத்தூர் பங்கில் ஆந்திர விலையிலேயே இருபது லிட்டர் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா மட்டும் இருமினார், வண்டி இருமின மாதிரியே.

பிப்ரவரி 10, செவ்வாய். பள்ளிப்பட்டு

விடிகாலை இரண்டேகாலுக்கு வீடு. சத்தம் புதிது என்பதால் அம்மா எழுந்திருக்கவில்லை, நாய்தான் குலைத்தது. கொட்டகை வாசல் ஐஷருக்கு அளவெடுத்தது. இதன் பின் டயர் இரண்டு பக்கமும் இடித்தது. புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்தால் மரத்தடியில் கூட்டம். அம்மா டயருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்து நிலத்துக்காரர், மணிக்கு எவ்வளவு வாங்குவாய் என்று கேட்டே விட்டார். இன்னும் ரோட்டவேட்டரே வாங்கவில்லை என்றேன். சரி, வாங்கினால் முதல் நாள் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடித்த வயரை ஒட்ட பாய் பத்து மணிக்கு வந்தார். பேட்டரி பெட்டியைத் திறந்தார். உள்ளே எலுமிச்சை இலையும், கந்தல் துணியும், நோட்டுக் காகிதமுமாக ஒரு கூடு. நாங்கள் குனிந்து பார்ப்பதற்குள் கொழுத்த எலி ஒன்று பாய் கைமேலேயே குதித்து, புளியமரத்து வேரைச் சுற்றி, எங்கள் வீட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டது.

பாய் கையை உதறிக்கொண்டே, “இதுக்கு என்ஓசி யார் தம்பி வாங்கறது?” என்றார்.